பாய்க்கப்பல்ல வேல செஞ்சுக்கிட்டே கடல் தாண்டலாமா? வாசகர் கேள்வி – பதில்

போன இதழ்ல நான் பாய்க்கப்பல்ல அத்திலாந்திக் கடந்த கதய ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். கனேரித் தீவுல டெனரிஃப்ல ஏறி கரீபியன் பக்கம் மார்ட்டினிக்ல எறங்குனது, கிட்டத்தட்ட 2,700 கடல் மைல், 24 நாள். அதுக்கு வந்த கடிதமும் வட்ஸ்அப் வொய்ஸும் இன்னும் முடியல. பொகவந்தலாவையில இருந்து அட்டனுக்கு பஸ்ல போகயில வரயில எல்லாத்தையும் காதுல போட்டுக் கேட்டேன், சிலத ரெண்டு தரம் கேட்டேன், அவ்வளவு ஆசையா பேசியிருக்கீங்க. ஒரே மாதிரிக் கேள்விய சேத்து ஒண்ணாக்கி பதில் சொல்றேன். யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டுருக்கேன்.

அக்கா, கப்பல்ல எல்லாரோடயும் சேந்து வேல செஞ்சேன்னு எழுதுறீங்க, அடுத்த வரியிலயே காசு கட்டிப் போனேன்னும் எழுதுறீங்க. சம்பளம் அவங்க தருவாங்களா, நாம குடுக்கணுமா? – நோர்வூட்

நாமதான் தம்பி குடுக்கணும். இத முதல்லயே தெளிவா வச்சுக்குங்க, ஏன்னா இந்த எடத்துலதான் நம்ம பிள்ளைங்க ஏமாறுறாங்க.

இந்தப் பெரிய பாய்க்கப்பல் ஓடுற முறை என்னன்னா, கேப்டன், மேட் (கேப்டனுக்கு அடுத்த ஆள்), இஞ்சினியர், சமையல்காரர்னு சம்பளத்துக்கு கொஞ்சப் பேரு இருப்பாங்க. மிச்ச ஆள் பலம் முழுக்க நம்மள மாதிரி பயிற்சிக்கு ஏறுறவங்கதான். நெதர்லாந்து நாட்டு யூரோப்பானு மூணு பாய்மரம் உள்ள ஒரு கப்பல், 1911ல ஜேர்மனியில வெளிச்சக் கப்பலா கட்டுனது, இப்ப அந்தார்டிக்கா வரைக்கும் ஆள ஏத்திக்கிட்டுப் போகுது. கனடாவுல லூனன்பர்க்ல இருந்து ஓடுன பிக்டன் காசில் பல தரம் உலகத்தையே சுத்தி வந்துருக்கு. நோர்வேயில, 1914ல ஜேர்மனியில கட்டுன ஸ்டாட்ஸ்ராட் லேம்குல் இருக்கு. சுவீடன்காரங்களோட யோத்தெபோரி (நம்ம ஆளுங்க கோதன்பர்க்னு சொல்லுவாங்க) 1745ல சீனத்துத் தேயிலையும் பீங்கானும் ஏத்திக்கிட்டு சொந்த ஊர் வாசலுக்கு வந்து பாறையில மோதி மூழ்குன கப்பலோட அச்சு அசல், அதுலயும் வெளியாள் டெக் வேலைக்கு ஏறலாம். எல்லாத்துலயும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பயிற்சிக்கும் நாம ஒரு தொகை கட்டணும். ஒரு மாசப் பயணம்னா நம்ம காசுக்கு பல லட்சம் ஆகும், பிளேன் டிக்கட்டும் விசாவும் வேற. நான் ஒரு சுற்றுலாக் கப்பல்ல மூணு வருசம் ரூம் துப்புரவு வேல செஞ்சு சேத்த காசுலதான் போனேன்.

ஏமாறுறதுன்னு சொன்னேனே, அது எனக்கே நடந்தது. அந்தத் துப்புரவு வேலைக்கும் முன்ன, ஒரு டவுன்ல ஒரு ஏஜன்ட் ‘பாய்க்கப்பல்ல டிரெயினிங், ஆறு மாசத்துல டொலர் சம்பளம்’னு சொல்லி 85,000 ரூபா வாங்குனாரு. அம்மாவோட சீட்டுக் காசு அது. ஒரு போம் தந்தாரு, அதுல கப்பல் பேரே இல்ல, அத அப்ப எனக்குப் பாக்கத் தெரியல. ரெண்டு மாசம் கழிச்சுப் போனா கடையில வேற பேர்ப்பலகை தொங்குது. அதனால சொல்றேன், கடல் வேல தேடித் தர்றதுக்கு வேல தேடுற மாலுமிகிட்ட காசு வாங்கக் கூடாதுனு 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் சமவாயமே சொல்லுது. வேலைனு சொல்லி காசு கேட்டா அது வேல இல்ல. பயிற்சிப் பயணம்னா கப்பலோட சொந்த ஒபீசுக்கு நேரடியா எழுதி நேரடியாத்தான் காசு கட்டுறது, நடுவுல ஆளே தேவையில்ல.

மகளுக்கு 24 வயசு, நீங்க எழுதுனத வாசிச்சிட்டு தானும் போகணும்னு நிக்கிறா. ஆம்பளைங்க நடுவுல எப்படித் தூங்குறது? கப்பல் கவுந்தா என்ன செய்றது? எனக்கு நெஞ்சே அடைக்குது. – பூண்டுலோயா

அம்மா, உங்க கடிதத்த எங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். ‘நான் கேக்காத கேள்விய இவங்க கேட்டுட்டாங்க’ன்னு சொன்னாங்க, அதுக்கு மேல ஒண்ணும் பேசல.

தூங்குற எடம் முதல்ல. நாலு பேரு, ஆறு பேருனு ஒரு அறையில மேலயும் கீழயும் பங்க், ஒவ்வொண்ணுக்கும் திர. சில கப்பல்ல ஆணும் பெண்ணும் ஒரே அறையில இருப்பாங்க, அது அவங்க வழக்கம். பொம்பளைங்க மட்டும் இருக்க அறை வேணும்னு பதியும்போதே எழுதிக் கேட்டா பெரும்பாலும் ஒழுங்கு பண்ணித் தருவாங்க. நானும் அப்படித்தான் கேட்டேன், என் அறையில நாலு பேருமே பொம்பளைங்க, அதுல ஒருத்தங்களுக்கு 63 வயசு. எங்க மேட்டும் ஒரு பொம்பளதான். கெட்டவன் எங்கயும் இருப்பான், அத மறைக்க மாட்டேன். ஆனா கப்பல்ல எந்த நேரமும் ஆள் முழிச்சிருக்கும். எங்க தோட்டத்துல இருட்டுல லயத்துக்கு நடந்து வந்த பயம் எனக்கு அந்த டெக்குல இருந்ததில்ல.

கப்பல் கவுறுமானு கேட்டீங்க. கவுந்துருக்கும்மா, பொய் சொல்ல மாட்டேன். 2012 ஒக்டோபர்ல பவுண்டின்னு ஒரு மரக் கப்பல் அமெரிக்காவுக்குக் கிழக்க சாண்டி புயல்ல மூழ்குச்சு. 16 பேருல 14 பேர ஹெலிகொப்டர்ல தூக்குனாங்க, ஒரு பொண்ணு செத்துப்போச்சு, கேப்டன் உடம்பு கிடைக்கவே இல்ல. புயல் வருதுனு தெரிஞ்சும் துறைமுகத்த விட்டு எடுத்ததுதான் காரணம்னு விசாரண சொல்லுச்சு. அதுக்கு ரெண்டு வருசம் முன்ன, 2010 பெப்ரவரியில, கொன்கோர்டியான்னு கனடாப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க போன கப்பல் பிரேசிலுக்கு அங்கிட்டு சாஞ்சு மூழ்குச்சு. அதுல 64 பேரு, 64 பேரும் உசுரோட வந்தாங்க. தெப்பத்துல ஒண்ணர நாளுக்கு மேல கிடந்து வந்தாங்க. எப்ப எந்தத் தெப்பத்துல ஏறணும்னு திரும்பத் திரும்ப பழகியிருந்தது அன்னிக்குக் கை குடுத்துச்சு.

அதனால மகள்கிட்ட சொல்லுங்க, காசு கட்ட முந்தி கப்பலுக்கு எழுதி இதெல்லாம் கேக்கச் சொல்லுங்க: எந்த நாட்டுக் கொடி, பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதி வரைக்கும், எத்தன நாளுக்கு ஒருக்கா டிரில், புயல் காலத்துல அந்தக் கடலுக்குப் போறாங்களா, பாய்மரம் ஏறயில இடுப்புப் பட்டி தர்றாங்களா. நல்ல கப்பல் இதுக்கெல்லாம் பொறுமையா பதில் எழுதும். மழுப்புனா விட்டுடச் சொல்லுங்க. மரம் ஏறுறது பெரும்பாலான கப்பல்ல கட்டாயமும் இல்லம்மா, ஏறாம டெக்குலயே எல்லா வேலையும் செய்யலாம்.

இன்னொண்ணு சொல்லணும். 2024 ஒக்டோபர்ல இருந்து 2025 மே வரைக்கும் ரெண்டே ரெண்டு பொம்பளைங்க, இந்தியக் கடற்படை ஒபீசர்மாரு, தாரிணின்ற 17 மீட்டர் பாய்ப் படகுல உலகத்தையே சுத்தி வந்தாங்க. அதுல ஒருத்தங்க ரூபா அழகிரிசாமி, புதுச்சேரித் தமிழ்ப் பொண்ணு. தென்னமெரிக்காவோட தென்கோடியில இருக்க கேப் ஹோர்ன் முனைய அவங்க தாண்டுன செய்திய எங்க அம்மாவுக்கு ஃபோன்ல காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

ஒரு நாள் முழுக்க அங்க என்னதான் செய்வீங்க? – பதுளை

இதுக்கு நான் ஒரு புத்தகமே எழுதுவேன் தங்கச்சி, எடம் இருக்க அளவு சொல்றேன்.

ஆளுங்கள மூணு கூட்டமா பிரிப்பாங்க, அதுக்கு வாட்ச்னு பேரு. நாலு மணி நேரம் வேல, எட்டு மணி நேரம் ஓய்வு, திரும்ப நாலு, இப்படியே ராப்பகலா சுத்தும். எனக்குக் கிடைச்சது 12–4, அதாவது பகல் 12ல இருந்து 4, திரும்ப நடுராத்திரி 12ல இருந்து 4. வாட்ச் மாறயில எல்லாரும் டெக்குக்கு வந்து வரிசையா நிக்கணும், தலைய எண்ணுவாங்க, ஏன்னா ராத்திரி ஒருத்தர் கடல்ல விழுந்துருந்தா அப்பத்தான் தெரிய வரும். நம்ம தோட்டத்துப் பிரட்டுக்களத்துல காலையில பேரு கூப்புடுற மாதிரியே இருக்கும், முதல் நாள் என் பேரு கூப்புட்டதும் நான் ‘இருக்கேன்’னு தமிழ்லயே கத்திட்டேன், அது அப்படியே 24 நாளும் நின்னுருச்சு, கடைசியில சுவீடன்காரப் பையனும் ‘இருக்கேன்’னுதான் சொன்னான்.

வாட்ச்ல நாலஞ்சு வேல மாறி மாறி வரும். ஒருத்தர் முன்னால அணியத்துல நின்னு கடலப் பாக்கணும், வேற கப்பல் விளக்கு தெரியுதா, மரக்கட்ட மிதக்குதானு. ஒருத்தர் கப்பல் முழுக்க டோர்ச் எடுத்துக்கிட்டு சுத்தி வரணும், அடியில தண்ணி ஏறியிருக்கா, குசினியில அடுப்பு அணைஞ்சிருக்கா, கயிறு எதாச்சும் உராயுதானு. ஒருத்தர் சுக்கான் பிடிக்கணும். மிச்சப் பேரு மேட் சொன்ன உடன பாய் இழுக்க. காத்து திரும்புனா பாயையும் திருப்பணும், அது நடுச்சாமம் 3 மணியா இருந்தாலும் சரி, மழையா இருந்தாலும் சரி, தூங்குறவங்களையும் சேத்து எழுப்புற நேரமும் உண்டு. பகல் வாட்ச்ல துரு தட்டுறது, பெயின்ட் அடிக்கிறது, கிழிஞ்ச பாயத் தைக்கிறது, கயித்துக்குத் தார் பூசுறது, டொயிலட் கழுவுறது, குசினியில வெங்காயம் உரிக்கிறது. டொக்டரும் கழுவுறாரு, பேங்க் மெனேஜரும் கழுவுறாரு. ஒரு கப்பல்ல 200 கயிறு அளவுக்கு இருக்கும், எல்லாம் ஒரே நிறம், ஒவ்வொண்ணும் ஒரு மரக்குச்சியில சுத்திக் கட்டியிருக்கும், அத இருட்டுல கையாலயே தடவிக் கண்டுபிடிக்கணும். எனக்கு ஒன்பது நாள் பிடிச்சுச்சு.

சுக்கான் பிடிக்கிறத மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். முன்னால இருக்கவரு ‘கோர்ஸ் டூ சிக்ஸ் ஃபைவ்’னு சொல்லி ஒப்படைப்பாரு, நீங்க அதையே திரும்ப சத்தமா சொல்லணும், சொல்லாம பிடிக்கக் கூடாது. முன்னால திசைகாட்டி, அதுக்குள்ள சின்னதா ஒரு சிவப்பு வெளிச்சம், மத்தபடி இருட்டு. ஊசிய மட்டும் பாத்துக்கிட்டு பிடிச்சா கப்பல் பாம்பு மாதிரி நெளியும், ஏன்னா ஊசி காட்டுறதுக்குள்ள கப்பல் திரும்பிருச்சு. நான் முதல் ராத்திரி அப்படித்தான் பத்து டிகிரி இங்கிட்டும் பத்து டிகிரி அங்கிட்டும் இழுத்தடிச்சேன். மேட் வந்து என் பின்னால நின்னு ‘ஊசிய விடு, அந்த நட்சத்திரத்த மரத்துக்கும் அந்தக் கயித்துக்கும் நடுவுல வச்சுக்கோ, காத்து எந்தக் கன்னத்துல படுதுன்னு பாரு’ன்னு சொன்னாங்க. வலது காதுக்குப் பின்னால காத்து பட்டுச்சு. அது மாறாமப் பாத்துக்கிட்டேன், கப்பல் நேரா போச்சு. கவ்வாத்து மலையில பனி மூடுனா எங்க அப்பா காத்தையும் தண்ணிச் சத்தத்தையும் வச்சு லயத்துக்கு வழி கண்டுபிடிச்சு வருவாரு, அது நெனப்பு வந்துருச்சு எனக்கு, கண்ணு நெறஞ்சுருச்சு.

மேல ஏறுறது ரெண்டாவது. மரத்துக்கு ரெண்டு பக்கமும் கயித்து ஏணி இருக்கும். பாயத் தாங்குற குறுக்குக் கட்டைய பழைய தமிழ்க் கப்பல்காரங்க பருமல்னு சொல்லுவாங்க, அதுக்குக் கீழ கால் வைக்க ஒரே ஒரு கயிறு ஓடும். அதுல நின்னு, பருமல் மேல வயித்த அழுத்திக் குனிஞ்சுக்கிட்டா ரெண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பக்கத்துல ஆள் ஏறுனா கயிறு அசையும், அதனால ‘ஏறுறேன்’னு சொல்லிட்டுத்தான் காலை வைக்கணும். ஈரப் பாய் பலகை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும், முஷ்டியால குத்திக் குத்தி மடிப்பு உண்டாக்கி அந்த மடிப்பப் பிடிச்சு இழுத்து வயித்துக்குக் கீழ சொருகணும். நகம் பேந்துரும். நான் பயந்தேன். ஆனா செங்குத்து மலையில ஈர மண்ணுல கால ஊண்டி தலையில கூடைப் பாரத்தோட ரெண்டு கையாலயும் கொழுந்தெடுக்குற எங்க அம்மாவ நான் எத்தன தரம் பாத்துருப்பேன், இடுப்பையும் முழங்காலையும் அவங்க வைக்கிற மாதிரி வச்சேன், நின்னுருச்சு. கொழுந்தெடுக்குற யாரும் இந்த வேலைய ஒரு வாரத்துல பழகிருவாங்கன்னு நான் மனசார நம்புறேன்.

குளிக்கிறதுக்கு நல்ல தண்ணி அளந்துதான். மூணு நாளைக்கு ஒருக்கா ரெண்டு நிமிசம்.

எனக்கு கினிகத்தேனை வளைவுலயே வாந்தி வரும். கப்பல் சரிவருமா? – வட்டவளை

எனக்கும் வரும். முதல் ரெண்டு நாள் செத்தேன், மூணாவது நாள் பசிச்சுச்சு. முக்காவாசிப் பேருக்கு ரெண்டு மூணு நாள்ல உடம்பு பழகிரும். மருந்து வாங்குறதா இருந்தா ஏற முந்தியே வைத்தியர்கிட்ட கேட்டு வாங்குங்க, வாந்தி ஆரம்பிச்ச பிறகு விழுங்குனா தங்காது. கீழ அறைக்குள்ள படுத்துக் கிடக்காம டெக்குல நின்னு தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டப் பாருங்க, வயித்த வெறுசா விடாதீங்க, உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும் பையில இருக்கட்டும். வாந்தி எடுக்கயில காத்து அடிக்கிற பக்கத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க.

நான் ஓய்வு பெற்ற டீ மேக்கர். கட்டி சார்க் போன்ற பாய்க்கப்பல்கள் நம்முடைய தேயிலையைத்தான் லண்டனுக்குப் பந்தயம் கட்டிக் கொண்டுபோனதாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். சரிதானா? – தலவாக்கலை

ஐயா, அது சீனத் தேயிலங்க. ஆனா உண்மைக் கத இன்னும் நல்லா இருக்கு, பேரப்பிள்ளைங்களுக்கு இதச் சொல்லுங்க. கட்டி சார்க் 1869 நவம்பர் 22ஆம் தேதி ஸ்கொட்லாந்துல தண்ணியில எறங்குச்சு. அதுக்கு அஞ்சே நாள் முந்தி, நவம்பர் 17ல, சூயஸ் கால்வாய் திறந்தாச்சு. பாய்க்கப்பல் அந்தக் கால்வாய்க்குள்ள காத்த நம்பி ஓட முடியாது, நீராவிக் கப்பலுக்கு அது குறுக்கு வழி. ஆப்பிரிக்காவச் சுத்தி ஓடுறதுக்குனே கட்டுன ரொம்ப வேகமான கப்பலுக்கு, பொறந்தப்பவே வேல போயிருச்சு. 1877ல கடைசியா தேயில ஏத்துச்சு, பிறகு ஆஸ்திரேலியாவுல ஆட்டு ரோமம் ஏத்தப் போயிருச்சு. இப்ப லண்டன் கிரீனிச்சுல நிக்குது.

அதே 1869லதான் நம்ம மலையில கோப்பிக்கு இலத்துரு நோய் கண்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில தேயில வச்சு அப்ப ரெண்டு வருசம்தான். கோப்பி செத்து தேயில மலை முழுக்கப் பரவி, ஏத்துமதி பெருசா ஆன நேரம் 1880கள், அப்ப எல்லாம் நீராவிக் கப்பல்தான். அதனால ஐயா, நீங்க ஆயுசு முழுக்க வாட்டி அரைச்சு சலிச்ச தேயில பாய்க்கப்பல் பந்தயத்துல ஓடல.

எங்க ஆளுங்களுக்கும் கடலுக்கும் என்னக்கா சம்பந்தம்? நாம மலைக்காரங்க. தமிழங்க யாராச்சும் இப்படிப் பாய்க்கப்பல்ல போயிருக்காங்களா? – மாத்தளை

நீங்க மாத்தளையில இருந்து கேக்குறீங்க தம்பி. 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும், நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து வந்த 200 வருச நினைவா நடந்து வந்தாங்களே, அந்த நடையோட முதல் அடி கடற்கரைதான். நம்ம பாட்டன் பூட்டன் எல்லாரும் கடல் தாண்டித்தான் வந்தாங்க. தோணியிலயும் சின்னக் கப்பல்லயும் நெருக்கி அடைச்சு வந்தாங்க, 1864ல ஆதிலட்சுமின்ற கப்பல் மூழ்கி 120 பேரு செத்தாங்க. பிறகு மண்டபம் கேம்ப்புல நிக்க வச்சு மருந்தடிச்சு, தகர டிக்கட்ல நம்பர் அடிச்சு அனுப்புனாங்க. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே கடல்ல திருப்பியும் அனுப்புனாங்க, தலைமன்னார்ல இருந்து இராமேஸ்வரத்துக்கு இராமானுஜம் கப்பல், 1984 வரைக்கும். எங்க பெரியம்மா அதுலதான் போனாங்க. கரையில நின்னு கையாட்டுனத அம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க, கப்பல் மறைஞ்ச பிறகும் யாரும் நகரலையாம்.

ஆக நம்ம ஆளுங்க எல்லாரும் கடல்ல போயிருக்காங்க, ஆனா ஒருத்தர் கையிலயும் சுக்கான் இருந்ததில்ல. டெனரிஃப்ல ஏறுன அன்னிக்கு மாலுமிப் பட்டியல்ல என் பேரும், அதுக்கு நேரா ‘டெக், பயிற்சி’ன்னும் டைப் அடிச்சிருந்ததப் பாத்தேன். அம்மாவுக்கு அரைப்பேருக்கும் (அரை நாள் சம்பளம்) முழுப்பேருக்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோட நடந்த சண்டையெல்லாம் பாத்து வளந்தவ நான். அந்தத் தாள ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிட்டுத்தான் பையக் கீழ வச்சேன்.

வேற தமிழங்க போயிருக்காங்களானு கேட்டீங்க. வல்வெட்டித்துறை இருக்கே. அந்த ஊர்த் தமிழங்க கையால கட்டுன 89 அடி மரக் கப்பல் அன்னபூரணி. வில்லியம் அல்பர்ட் ரொபின்சன்னு ஒரு அமெரிக்கர், சின்னப் பாய்ப் படகுல ஏற்கனவே உலகத்தச் சுத்துனவரு, வந்து பாத்து ஆசப்பட்டு அத வாங்குனாரு. வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்னு பேர மாத்துனாரு. 1937ல வல்வெட்டித்துறை மாலுமிங்க அத எடுத்துக்கிட்டு சூயஸ் வழியா மத்தியதரைக் கடலத் தாண்டி, அத்திலாந்திக்கையும் தாண்டி 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மசசூசெட்ஸ்ல குளோஸ்டர் துறைமுகத்துல கொண்டுபோய்க் கட்டுனாங்க. வேட்டி கட்டுன ஆளுங்க. நான் அத்திலாந்திக்ல ராத்திரி வாட்ச்ல நிக்கயில அவங்களத்தான் நெனச்சுக்குவேன், எனக்கு உசுருக்கு ரேடியோ, சட்டலைட் ஃபோன், மிதவைச் சட்ட எல்லாம் இருந்துச்சு, அவங்களுக்கு அதெல்லாம் என்ன இருந்துருக்கும்.

நம்ம தீவுலயே நடந்தது இன்னொண்ணு. 2010ல ஓமான்காரங்க ஆணியே அடிக்காம தென்ன நார்க் கயித்தால தச்ச ஒரு கப்பல, 9ஆம் நூற்றாண்டு முறையில கட்டுனது, ஜுவல் ஒஃப் மஸ்கட்னு பேரு, மஸ்கட்ல இருந்து சிங்கப்பூருக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. கொச்சியில இருந்து காலிக்கு வர்ற வழியில பாய்மரம் விரிசல் விட்டுருச்சு. நம்ம நாட்டுத் தேக்கு மரத்த வெட்டி காலியிலயே புது மரம் செதுக்கி நட்டுத்தான் மேல போனாங்க. சிங்கப்பூர் போய்ச் சேந்தப்ப நிமிந்து நின்னது இலங்கத் தேக்கு.

பாஸ்போட், விசா எல்லாம் எப்படி? – அப்புத்தளை

முதல்ல பிறப்புச் சாட்சிப்பத்திரத்த எடுத்துப் பாருங்க. தோட்டத்துல பதிஞ்சவங்க பாதிப் பேருக்கு அதுல ஒரு பேரு, ஐடென்டிட்டி கார்ட்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேரு. எனக்கு அப்பா பேருல ஒரு எழுத்து மாறியிருந்ததுக்கு ஏழு மாசம் அலைஞ்சேன். அத இப்பவே திருத்துங்க, கப்பல் போகாட்டியும் அது வேணும். பிறகு பாஸ்போட், பயணம் முடியிற நாளுக்கு மேல ஆறு மாசமாச்சும் செல்லுபடி இருக்கணும்.

ஏறுற நாட்டுக்கும் எறங்குற நாட்டுக்கும் தனித் தனியா விசா பாக்கணும், இத பலர் மறந்துருவாங்க. நான் ஏறுனது ஸ்பெயின் தீவு, அதுக்கு ஷெங்கன். எறங்குன மார்ட்டினிக் பிரான்ஸ் நாட்டுதுதான், ஆனா ஷெங்கன் அங்க செல்லாது, தனி விசா. கப்பல் ஒபீஸ்ல இருந்து உங்க பேரு, ஏறுற தேதி, எறங்குற தேதி, திரும்பி வர்ற டிக்கட் விவரம் எல்லாம் போட்ட கடிதம் வாங்கிக்குங்க. தென்னமெரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போனா மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட புத்தகம் வேணும், இல்லாட்டி திரும்பி வரயில நம்ம எயார்போட்லயே நிப்பாட்டுவாங்க. சம்பளத்துக்குக் கப்பல் வேல செய்றவங்களுக்குத்தான் மாலுமிப் புத்தகமும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம், பயிற்சிக்கு ஏறுறவங்களுக்கு பெரும்பாலும் கேக்க மாட்டாங்க.

நீச்சல் தெரியாது. போகலாமா? – கொட்டகலை

சில கப்பல் ஏத்திக்கும். நான் வேணாம்னு சொல்றேன். மிதக்கவும் தண்ணியில பதறாம மூச்சு விடவுமாச்சும் ஆள் வச்சுப் பழகிட்டுப் போங்க, ஓடையிலயும் காசல்ரி டேம்லயும் தனியா எறங்கிப் பழகாதீங்க, வருசா வருசம் பிள்ளைங்கள அங்கதான் பறிகுடுக்குறோம்.

அக்கா, எல்லாம் சரி, ஒரு நாள் பேருக்கு ஆயிரத்துச் சொச்சம் வாங்குற வீட்டுல இருந்து பல லட்சத்துக்கு எங்க போறது? ஆசப்பட்டதே தப்போனு இருக்கு. – மஸ்கெலியா

தப்பில்ல தம்பி. இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஒக்காந்தேன்.

முழு சமுத்திரம் தாண்டுற பயணந்தான் பெரிய காசு. அதே கப்பல் ரெண்டு துறைமுகத்துக்கு நடுவுல அஞ்சு நாள், ஒரு வாரம்னு குட்டிப் பயணமும் ஓடும், அதுக்குக் கணக்குக் குறைவு. குளிர்காலத்துல கப்பல் கட்டி நிக்கயில துரு தட்டவும் கயிறு மாத்தவும் தொண்டர் ஆள் எடுக்குற கப்பல் இருக்கு, அங்க சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும், நல்லா வேல செஞ்சா முகம் ஞாபகம் இருக்கும், பிறகு கடலுக்குப் போகயில கூப்புடுவாங்க. வெளிநாட்டுல ஏற்கனவே வேல செய்ற நம்ம பிள்ளைங்களுக்கு இது சுளுவான வழி, அங்கிருந்து பிளேன் செலவும் குறையலாம். அப்புறம் டோல் ஷிப்ஸ் ரேஸ்னு ஒண்ணு, 1956ல இங்கிலாந்துல இருந்து லிஸ்பனுக்கு ஓடுனதுல ஆரம்பிச்சது. அதுல ஓடுற கப்பல்ல பாதிப் பேராச்சும் 15 வயசுக்கும் 25க்கும் நடுவுல இருக்கணும்னு சட்டம். இளைஞருக்குப் பாதிச் செலவு, முழுச் செலவு தர்ற உதவியும் சில கப்பல்ல இருக்கு, அத கேட்டு எழுதுறவங்களுக்குத்தான் குடுப்பாங்க. கூச்சப்படாம எழுதுங்க. நீங்க யாரு, வீட்டுல என்ன வேல, ஏன் வரணும், உள்ளத உள்ளபடி. இங்கிலீசு உடைஞ்சிருந்தா பரவால்ல. என் கடிதத்துல ‘என் அம்மா கொழுந்தெடுக்குறாங்க, எனக்கு நாள் முழுக்க நின்னு வேல செய்யத் தெரியும்’னு எழுதுனேன், கப்பல்ல மேட் அந்த வரிய எனக்குத் திரும்பச் சொல்லிக் காட்டுனாங்க.

பக்கத்துல இந்தியாவுல தரங்கிணி, சுதர்ஷினின்னு மூணு பாய்மரம் உள்ள ரெண்டு கப்பல் இருக்கு, ஆனா அது கடற்படைப் பயிற்சிக்கு, வெளியாளுக்கு இல்ல. கேட்டு ரெண்டு பேரு எழுதியிருந்தீங்க, அதுக்காகச் சொல்றேன்.

காசு சேர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம். கப்பல்ல முதல் நாளே கேக்குறது ஒரு முடிச்சு, ‘போலைன்’னு சொல்லுவாங்க, இழுக்க இழுக்க இறுகாது, எத்தன பாரம் தொங்குனாலும் பிறகு கையால அவுக்கலாம், ஆள் இடுப்புல கட்டித் தூக்குறதும் அதாலதான். இன்னும் மூணு முடிச்சு தெரிஞ்சா கப்பல்ல முக்காவாசி வேல நடக்கும். நான் ஞாயித்துக்கிழம பகல் ரெண்டு மணிக்கு அட்டன்ல எங்க டியூட்டரி மேல்மாடியில இருப்பேன், காசு ஒண்ணும் வேணாம், யாரும் வரலாம், பொம்பளப் பிள்ளைங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. வரயில பெருவிரல் மொத்தத்துல மூணு மீட்டர் கயிறு ஆளுக்கொண்ணு கொண்டாங்க, நைலோன் வேணாம் அது வழுக்கும், கொழுந்துச் சாக்குக் கட்டுற நார்க் கயிறே போதும்.